சாத்துக்குடியும் 38 அணுக்களும்

எங்கள் குடும்பத்தில் எம்.எஸ்ஸி. ஃபிஸிக்ஸ் படித்துவிட்டு, ஒரு தனியார் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வவுச்சர்களுக்கு டிக் அடித்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். சொந்தக்காரர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் அலறினாலும் சரி, கிரகணத்தன்று இட்லி சாப்பிடலாமா என்று சந்தேகம் வந்தாலும் சரி, எனக்குத்தான் போன் வரும். 'நம்ம வீட்டு சயன்டிஸ்ட்' என்று பட்டம் வேறு. அந்தப் பதவிக்கு நிஜமான ஆபத்து என் சித்தப்பா பெண் ரூபத்தில் வந்தது. அவள் உண்மையாகவே பிஎச்.டி. செய்ய வடக்கே ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டாள். 

சித்தப்பாவுக்குத் திருச்சியில் பழக்கடை. அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு அவரே போன் செய்தார் என்றால் விஷயம் பெரிசு.

"டேய், உன் தங்கச்சி அங்க என்னதான்டா பண்றா?"

"ரிசர்ச் சித்தப்பா."

"அது எனக்கும் தெரியும். அஞ்சு வருஷம் கவர்மென்ட்ல பணம் குடுத்தாங்க. அது முடிஞ்சுபோச்சாம். இன்னும் ஒரு வருஷம் வேணுமாம். ஹாஸ்டல், மெஸ் எல்லாத்துக்கும் நான் அனுப்பணுமாம். அனுப்ப மாட்டேன்னு சொல்லலை. எதுக்கும்மான்னு கேட்டா, ஏதோ முப்பது அணுவை எப்படி அடுக்கறதுன்னு பாக்கறேங்கறா. முப்பது உருப்படியை அடுக்க ஆறு வருஷமாடா? நான் காலைல கடை திறந்து அரை மணில முந்நூறு அடுக்கறேன்!"

கேள்வியில் நியாயம் இருந்தது. "நீ பேசிப் பாரு. விஷயம் இருக்குன்னு நீ சொன்னா அனுப்பறேன். இல்லைன்னா வந்து ஏதாச்சும் ஐ.டி. கம்பெனில சேரட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

அதாவது, என்னை ஆடிட் பண்ணச் சொல்கிறார். நல்லவேளை, அது எனக்குத் தெரிந்த தொழில்.

அவளிடம் பேசினேன். ஆராய்ச்சிப் புத்தகம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாம். ஐந்து அத்தியாயம். மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு உலோகக் கொத்து. எந்த உலோகம், எத்தனை அணு என்று இங்கே எழுதினால் அவள் என்னைக் கொன்றுவிடுவாள், இன்னும் வெளியிடவில்லை. அந்தக் கொத்தின் மிகத் தாழ்ந்த ஆற்றல் வடிவம் இதுதான் என்று கண்டுபிடித்து, அந்த வடிவத்தை வைத்து மேற்கொண்டு நாலு மாசம் கணக்குப் போட்டு முடித்திருக்கிறாள். புத்தகத்தைக் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்னால், 'சும்மா ஒரு கடைசி செக்' என்று வேறொரு இடத்திலிருந்து தேடலை ஓடவிட்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், இன்னும் தாழ்ந்த ஒரு வடிவம் அவளுக்காகக் காத்திருந்தது.

"எவ்வளவு தாழ்வு?"

"ரொம்பக் கொஞ்சம் அண்ணா. ஆனா வடிவமே வேற."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் பதில். நேரே போய் கைடிடம் சொல்லிவிட்டாள். அவரும் பாவம் பெருமூச்சு விட்டு, 'மூன்றாம் அத்தியாயத்தைத் திரும்பச் செய்' என்றார். ஒரு வருஷம். சித்திக்கு இது தெரிந்தபோது, "வாயை மூடிக்கிட்டுக் குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டதாகக் கேள்வி.

ஆடிட்டர் என்றால் எதிர்க்கட்சியின் கணக்குப் புத்தகத்தைப் படிக்க வேண்டாமா? படித்தேன். நீங்களும் ஒரு பத்து நிமிஷம் என்னோடு வாருங்கள். தலையைச் சுற்றினால் நடுவில் ஒரு காபி குடித்துக்கொள்ளலாம்.

இரண்டு ஆர்கான் அணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருந்தால் லேசாக ஈர்த்துக்கொள்ளும். ரொம்பக் கிட்டே வந்தால் பலமாகத் தள்ளிவிடும். நடுவில் ஒரு சரியான தூரம் உண்டு; அங்கே இரண்டுக்கும் நிம்மதி. ஆபீசில் மேனேஜரிடமிருந்து நாம் உட்கார வேண்டிய தூரம் மாதிரி. இதை ஒரு சின்ன சூத்திரமாக ஆக்கியவர் லென்னார்டு-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1924இல் அதற்கான கட்டுரைகளை எழுதும்போது அவர் வெறும் ஜோன்ஸ். 1925இல் கேத்லீன் லென்னார்டு என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார். உலகத்து ஃபிஸிக்ஸ் புத்தகங்களில் எல்லாம் மாமனார் வீட்டுப் பெயரை ஏற்றிய மாப்பிள்ளை இவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

அந்த ஜோடி நிம்மதியை ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அணு சேர்ந்தால் ஆற்றல் மைனஸ் 1. மூன்று அணு முக்கோணமாக நின்றால் மூன்று ஜோடி, மைனஸ் 3. நாலு அணு? மூன்றின் மேல் ஒன்றை வைத்தால் ஆறு ஜோடியும் ஒன்றையொன்று தொடும், மைனஸ் 6. இதுவரை எல்.கே.ஜி. ஐந்தாவது அணு வந்ததும் தகராறு ஆரம்பம். பத்து ஜோடி இருக்கிறது, ஆனால் பத்தும் தொட்டுக்கொள்ளும்படி மூன்று பரிமாணத்தில் எப்படி வைத்தாலும் முடியாது. கிடைப்பது மைனஸ் 9.10. யாரோ ஒருவர் எப்போதும் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

கேள்வி இதுதான்: இத்தனை அணுக்கள் சேர்ந்தால், எந்த வடிவத்தில் நின்றால் மொத்த ஆற்றல் ஆகத் தாழ்வாக இருக்கும்? சூத்திரம் ஒரு வரி. பதில்தான் மாட்டேன் என்கிறது. 13 அணுக்களுக்கு மட்டுமே, 'இங்கே நின்றால் பரவாயில்லை, எந்தப் பக்கம் அசைந்தாலும் மேலேதான் ஏற வேண்டும்' என்கிற மாதிரிப் பள்ளங்கள் ஏறக்குறைய 1,500 இருக்கின்றன. அதில் ஒன்றுதான் ஆழமானது. அணு ஒவ்வொன்றாகக் கூடக் கூடப் பள்ளங்கள் மடங்கு மடங்காகப் பெருகும். 38 அணுவுக்கு யாரும் எண்ணி முடிக்கவில்லை. இந்த மாதிரிக் கணக்குக்குக் குறுக்கு வழி கிடைப்பது மகா கஷ்டம் என்று 1985இல் வில்லே, வென்னிக் என்ற இருவர் காட்டிவிட்டார்கள்.

கண்ணைக் கட்டி உங்களை மேற்குத் தொடர்ச்சி மலையில் இறக்கிவிட்டு, 'இங்கே இருப்பதிலேயே ஆழமான பள்ளத்தில் போய் நில்' என்றால் என்ன செய்வீர்கள்? காலால் தடவிச் சரிவில் இறங்குவீர்கள். ஒரு பள்ளத்தில் போய் நிற்பீர்கள். அதுதான் ஆழமானதா? தெரியாது. பக்கத்து மேட்டுக்கு அப்பால் பாதாளமே இருக்கலாம்.

இதற்கு மனிதர்கள் கண்டுபிடித்த வழிகள் சுவாரசியமானவை. 1983இல் கிர்க்பாட்ரிக் முதலானவர்கள் சொன்ன வழி கொல்லனுடையது. நன்றாகக் காய்ச்சு, பிறகு அவசரப்படாமல் ஆறவிடு. சூட்டில் அணுக்கள் மேடுகளைத் தாண்டும், ஆற ஆற நல்ல பள்ளத்தில் படியும். 1995இல் டீவன், ஹோ என்ற இருவர் கல்யாணத் தரகர் வழியைப் பிடித்தார்கள். இரண்டு நல்ல கொத்துகளைத் தேர்ந்தெடு, இரண்டையும் பாதியாக வெட்டு, அதன் பாதியையும் இதன் பாதியையும் ஒட்டு. பிறந்த குழந்தை அப்பா அம்மாவைவிட உருப்படி என்றால் வைத்துக்கொள், இல்லையென்றால் தள்ளு. ஜாதகம் பார்க்காமலே இந்த முறையில் 60 கார்பன் அணுக்களை அலங்கோலமாகக் கொட்டி, கடைசியில் கால்பந்து வடிவத்தை வரவழைத்துவிட்டார்கள். அந்தக் கால்பந்தைப் பத்து வருஷம் முன்னால், 1985இல், ஆய்வுக்கூடத்தில் கண்டவர்கள் க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி. 1996இல் நோபல் பரிசு.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. 1997இல் டேவிட் வேல்ஸ், ஜோனதன் டாய் இருவரும் பிரபலப்படுத்தியது. உத்தி எளிது. பள்ளத்தில் நிற்கிறாயா? கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதை. எங்கேயோ போய் விழுவாய். அங்கிருந்து சறுக்கி அந்தப் பள்ளத்தின் அடிக்குப் போ. பழசைவிட ஆழமா? அங்கேயே இரு. கொஞ்சம் மேலேயா? சில சமயம் அதையும் பொறுத்துக்கொள், ஏனென்றால் மேட்டுக்குப் போகாமல் அடுத்த பள்ளத்தாக்கு வராது. மறுபடி உதை. இப்படி ஆயிரக்கணக்கில். 1987இலேயே லீ, ஷெராகா என்ற இருவர் புரதங்கள் மடிவதைக் கண்டுபிடிக்க இதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறார்கள்.

இந்தப் புரோகிராம் இலவசமாகவே கிடைக்கிறது என்று தங்கை சொன்னாள். என் பழைய லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டேன். 13 அணு போட்டேன். கண் சிமிட்டுவதற்குள் மைனஸ் 44.33. புத்தகத்தில் இருக்கும் அதே விடை! உடனே நான் வவுச்சர் உலகத்தை விட்டு ஸ்வீடன் பக்கம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்து 38. ராத்திரி ஓடவிட்டுப் படுத்தேன். ரூம்மேட் ஃபேன் சத்தத்துக்கும் லேப்டாப் சத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் புரண்டுகொண்டிருந்தான். காலையில் மைனஸ் 173.25. எத்தனை உதைத்தும் அசையவில்லை. சரி இதுதான் போலிருக்கிறது என்று ஆபீஸ் போய்விட்டேன். அடுத்த ராத்திரி வேறு இடத்திலிருந்து ஆரம்பித்தேன். மைனஸ் 173.93!

அரை சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். ஆனால் படத்தைச் சுழற்றிப் பார்த்தால் இரண்டும் வெவ்வேறு ஜாதி. தங்கையின் திங்கட்கிழமைக் காலை எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் வயிற்றில் உறைத்தது.

இந்த 38க்கு ஒரு சரித்திரம் உண்டு. இந்த மாதிரிச் சின்னக் கொத்துகள் பெரும்பாலும் ஐகோசஹீட்ரன் என்ற உருவத்தைத்தான் விரும்பும். இருபது முகம், எல்லாம் முக்கோணம். 1962இல் ஆலன் மெக்கே என்பவர் இதை அடுக்கடுக்காக வளர்க்கலாம் என்று காட்டினார்: 13, 55, 147 என்று. 1981இல் ஸீனான் வாயுக் கொத்துகளை எண்ணிப் பார்த்தபோது இந்த எண்கள் அப்படியே துருத்திக்கொண்டு நின்றன. ஆக 1987இல் நார்த்பி என்பவர் 13 முதல் 147 வரை எல்லாக் கொத்துகளையும் தேடியபோது, அணுக்களை அந்தச் சட்டகத்துக்குள்ளேயே வைத்து வைத்துப் பார்த்தார். அருமையான வேலை, பெரும்பாலான விடைகள் இன்னும் நிற்கின்றன. ஆனால் 38இன் உண்மையான விடை அந்தச் சட்டகத்துக்கு வெளியே இருந்தது. 1990களின் நடுவில்தான் அகப்பட்டது. சாவியை வீடு முழுக்கத் தேடலாம். அது ஸ்கூட்டரிலேயே இருந்தால் வீட்டுக்குள் எப்படிக் கிடைக்கும்?

இந்த 38இன் வடிவம் என்ன என்று பார்த்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்குச் சித்தப்பா சாத்துக்குடி அடுக்கிக்கொண்டிருந்தார். கீழே நாலுக்கு நாலு, 16. அதன் குழிகளில் ஒன்பது, அப்புறம் நாலு, உச்சியில் ஒன்று. முப்பது பழம்.

"சித்தப்பா, இதே மாதிரி அடியில தலைகீழா ஒண்ணு தொங்குதுன்னு வெச்சுக்கோங்க. ஒன்பது, நாலு, ஒண்ணு."

"பதினாலு. மொத்தம் நாப்பத்தி நாலு."

"ஆறு மூலையும் கூரா இருக்கே, அதை எடுத்துடுங்க."

உச்சிப் பழத்தை எடுத்தார். அடி வரிசையின் நாலு மூலையை எடுத்தார். கீழே தொங்கும் கற்பனைப் பழத்தை நான் எடுத்தேன். "முப்பத்தெட்டு" என்றார்.

"இதைக் கண்டுபிடிக்கத்தான் சித்தப்பா கம்ப்யூட்டர்லாம் அத்தனை வருஷம் திண்டாடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. அடுக்கைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் தினம் அடுக்கறேனே. வேற எப்படி அடுக்குவாங்க?" என்றார்.

வேறு எப்படி என்று காட்டினேன். அவருடைய அடுக்கில் நடுப் பழம் ஒன்றைச் சுற்றிப் பன்னிரண்டு. பக்கத்தில் நாலு, மேலே நாலு, கீழே நாலு. மொத்தம் 36 தொடுதல். அதே பன்னிரண்டை மேலே ஒன்று, அப்புறம் ஐந்து, மறுபடி ஐந்து, கீழே ஒன்று என்று நிறுத்தினால் ஐகோசஹீட்ரன். பழமாக இருந்தால் வெளிப் பழங்களுக்கு நடுவே சந்து விழும். அந்தச் சந்தெல்லாம் சேர்ந்தால் பதிமூன்றாவது பழத்தை நுழைக்கலாமா என்று 1694இல் நியூட்டனுக்கும் கிரெகரிக்கும் வாதமே நடந்தது. நியூட்டன் முடியாது என்றார். 1953இல்தான் அவர் சொன்னது சரி என்று கணக்கு முடிந்தது. ஆனால் அணு பழம் இல்லையே. கொஞ்சம் நசுங்கும், கொஞ்சம் இழுக்கும். சந்தை இழுத்து மூடிக்கொண்டால் 42 தொடுதல் கிடைக்கும். 36ஐவிட 42 லாபம்.

"அப்ப ஏன் நான் இப்படி அடுக்கறேன்?" என்றார். நல்ல கேள்வி.

"இழுத்து மூடறதுக்கு ஒரு விலை இருக்கு சித்தப்பா. டைட்டான சட்டைக்கு பட்டன் போடற மாதிரி. சின்னக் கொத்துல சமாளிக்கும். பெருக்கப் பெருக்க அந்த இழுவிசை சேர்ந்துக்கிட்டே போகும். கடைசில உங்க அடுக்குதான் ஜெயிக்கும். ஆர்கானை உறையவெச்சா உங்க கடை மாதிரித்தான் அடுக்கிக்கும். சிக்கல் நடுவுலதான். 38 உங்க கட்சி. 39 மறுபடி அந்தக் கட்சி. 75 மூணாவது கட்சி. எந்த எண் எந்தப் பக்கம் தாவும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது."

அரசியல் உதாரணம் அவருக்கு உடனே புரிந்தது.

"சரி, இதனால என்னடா பிரயோஜனம்?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே வந்திருந்தேன். தங்கக் கட்டி எதனோடும் ஒட்டாது, துருப்பிடிக்காது. ஆனால் பொடிப்பொடியாக ஆக்கிச் சரியான பொருள்மேல் ஒட்டவைத்தால், விஷவாயுவான கார்பன் மோனாக்சைடை உறைபனிக் குளிரிலும் எரித்துவிடும். 1987இல் ஜப்பானில் ஹருட்டா காட்டினார். அந்தப் பொடியில் அணுக்கள் எப்படி நிற்கின்றன என்பதில்தான் பாதி சூட்சுமம். 2003இல் அமெரிக்காவில் லாய்-ஷெங் வாங் குழு 20 தங்க அணுக்கள் எப்படி நிற்கும் என்று கண்டது: முக்கோண அடியில் பத்து, மேலே ஆறு, மூன்று, ஒன்று. சித்தப்பா அதையும் ஓர் ஓரத்தில் அடுக்கிப் பார்த்துவிட்டு, "எலுமிச்சைக்கு இது" என்றார்.

தண்ணீரையும் சொன்னேன். ஐந்து மூலக்கூறு வரை தண்ணீர் தட்டையாக வளையம் கட்டி நிற்கும். ஆறாவது வந்ததும்தான் எழுந்து கூடு கட்டும். அந்த ஆறும் கூண்டா, பட்டகமா, திறந்த புத்தகமா என்று பல வருஷம் கணிப்பொறிகள் சண்டை போட்டன, வித்தியாசம் அவ்வளவு நூலிழை. 2012இல் சோதனையில் பார்த்தால் மூன்றுமே இருந்தன. உலகத்தின் ஆகச் சின்னத் தண்ணீர்த் துளிக்கே மூன்று மனசு.

கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஒரு அம்மாள் வந்து இரண்டு கிலோ கேட்டு, 38ஐக் கலைத்துவிட்டுப் போனார். எடை போட்டுக் கொடுத்துவிட்டு சித்தப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன். இப்ப இவ புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காளே. அதுதான் கடைசின்னு எப்படித் தெரியும்?"

இந்தத் துறையில் இருக்கும் யாராலும் முழுசாகப் பதில் சொல்ல முடியாத கேள்வி. சொன்னேன். கேம்பிரிட்ஜில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். எத்தனை அணுவுக்கு எது தாழ்ந்தது என்று. அதில் இருப்பவை பெரும்பாலும் 'இதுவரை தெரிந்ததில்' தாழ்ந்தவைதான். யார் வேண்டுமானாலும் இன்னும் கீழே ஒன்றைக் காட்டினால் பழையதை எடுத்துவிடுவார்கள். 98 அணுக் கொத்தை எத்தனையோ கெட்டிக்காரர்கள் தேடி முடித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, 1999இல் ராபர்ட் லியரியும் டாயும் அதுவரை யாரும் நினைத்தே பார்க்காத ஒரு நான்முகி வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். மைனஸ் 543.67. உங்கள் அடுக்கே கூட அப்படித்தான் சித்தப்பா. 1611இல் கெப்ளர் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்றார். அதை ஹேல்ஸ் என்பவர் நிரூபிக்க 1998 ஆயிற்று. அதைச் சரிபார்க்க இன்னும் பதினாறு வருஷம்.

"அப்ப இவ ஒரு வருஷம் கழிச்சு முடிச்சு குடுத்தப்புறம், வேற எவனாவது இன்னும் கீழே ஒண்ணைக் காட்டலாம்?"

"காட்டலாம்."

"அப்ப பழசையே குடுத்திருந்தா என்ன தப்பு? அதையும் எவனோ காட்டப் போறான்."

எனக்குத் திக்கென்றது. ஆடிட்டர் வசமாக மாட்டிக்கொண்டேன். கொஞ்சம் யோசித்து, "குடுக்கறப்ப அவளுக்குத் தெரிஞ்சதிலேயே கீழே இருக்கறதைக் குடுக்கணும் சித்தப்பா. இப்ப அவளுக்குத் தெரிஞ்சது வேற" என்றேன். சொல்லிவிட்டு, சித்தியைப் போலவே அவரும் ஏதாவது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் எலுமிச்சை அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடி வரிசையில் ஒன்று லேசாக அழுகல். மேலே இருந்த பத்தையும் எடுத்துக் கூடையில் போட்டார். அழுகலை எடுத்து எறிந்தார். வேறொன்று வைத்து, மறுபடி ஆறு, மூன்று, ஒன்று.

"ஹாஸ்டலுக்கு மாசம் எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோ. மெஸ் தனியா. ஃபீஸ் எப்போன்னும் கேளு" என்றார்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பணம் மாதாமாதம் ஐந்தாம் தேதி போய்விடுகிறது. மூன்றாம் அத்தியாயத்தில் பாதி முடிந்திருக்கிறது. புது வடிவத்தைப் பல இடங்களிலிருந்து, பல முறைகளில் தேடிப் பார்த்தாகிவிட்டது, அதைவிடக் கீழே எதுவும் வரவில்லை என்று தங்கை சொல்கிறாள். சொல்லும்போது குரலில் ஒரு சின்னப் பயம் இருக்கத்தான் செய்கிறது.

சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவளுக்குப் போன் செய்கிறார். நலம் விசாரிப்பதெல்லாம் சித்தி டிபார்ட்மென்ட். இவர் தங்கம் விலை கேட்பது மாதிரி நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

"இறங்கிச்சா?"

"இல்லப்பா. அதேதான்."

"மூணு வாரமா அதேவா?"

"ஆமாம்ப்பா."

"அப்ப சரியாத்தான் இருக்கும்" என்பாராம். ஒரு நிமிஷம் கழித்து, "எதுக்கும் இன்னொரு தடவை உதைச்சுப் பாரு."